பின்வீட்டின் விலை

காஜா பேராங், மலாக்கா
14-11-1942

அன்புள்ள மாமாவுக்குப் பாக்கியம் எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

தீபாவளிக்கு வந்துவிடுவீர்கள் என்று நம்பி, தம்பினிலிருந்து வரும் கடைசி ரயிலின் சத்தம் கேட்கும்வரை வாசல் விளக்கை எரியவிட்டிருந்தேன். எண்ணெய் கிடைப்பதே பாடாக இருக்கும் நாளில் இது வீண்செலவு என்று கோபிப்பீர்கள். மறுநாள் காலையில் உங்கள் மணியார்டர் வந்தது. அதன் துண்டில் "சேர்த்து வை" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். பண்டிகைக்கு ஒரு வார்த்தை கூட எழுதியிருக்கலாம்.

சேர்த்துத்தான் வைக்கிறேன். அதில் குறை சொல்ல உங்களுக்கு இடம் வைக்க மாட்டேன். பால் வாங்குவதை நிறுத்தி மாதக் கணக்காகிறது. வெற்றிலையும் இல்லை. ஆனால் மாமா, ஒரு ஆளுக்குச் சமைப்பது சமையலாகவே இல்லை. பானையில் கை போட்டால் தரையைத் தடவுவது போல் இருக்கிறது. முந்தாநாள் அடுப்பே மூட்டாமல், அவித்த மரவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

வீட்டுக்காரர் விநாயகமும் அவர் சம்சாரம் அன்னமும் நல்லபடியாக இருக்கிறார்கள். பெயரும் சாமியும் நம்முடையவை, பேச்சு மட்டும் மலாய். அன்னம் காலையில் வேலியோரம் நின்று "சுடா மக்கான்?" என்று, சாப்பிட்டாயா என்று கேட்பாள். சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்வேன். சில நாட்களில் நான் வாய் திறந்து பேசுவது அந்தப் பொய் ஒன்றைத்தான்.

பொங்கலுக்கு வாருங்கள். ரயில் செலவை நான் வாயைக் கட்டி ஈடுகட்டிவிடுகிறேன்.

உங்கள் அன்புள்ள,
பாக்கியம்


ஷோனான்
3-12-1942

அன்புள்ள பாக்கியத்துக்குத் தம்பிராஜா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. கடிதம் கிடைத்தது. இனி உறையில் சிங்கப்பூர் என்று எழுதாதே, ஜப்பான்காரர்கள் வைத்த ஷோனான் என்ற பெயரையே எழுது. விளக்கு விஷயம் போகட்டும்.

பொங்கலுக்கு வர முடியாது. கப்பல் கிடங்கு வேலைக்கு ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் கூலியோடு அரிசிப் பங்கையும் பிடித்துவிடுகிறார்கள். ரயிலுக்கு வேறு அழ வேண்டும். நீ கணக்குப் புரிந்தவள். கோபிக்காதே.

நீ தோட்டத்துக் கூலிகளின் லயத்தில் பிறந்தவள் இல்லை. உன் அப்பா நகராட்சி வேலையில் இருந்ததால் உனக்கு அது தெரியாது. என் அப்பாவுக்கு மரம் விழுந்து கால் போனபோது, வேலை செய்யாதவனுக்கு லயத்தில் இடமில்லை என்று கங்காணி வந்து நின்றான். எங்கள் பானைகளை அவனே எடுத்து வெளியில் வைத்தான். எறியவில்லை, உடைக்கவில்லை. வரிசையாக, மெதுவாக வைத்தான். மழை பெய்து அவற்றில் தண்ணீர் நிறைந்ததை அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றைக்கு நினைத்துக்கொண்டேன், இனி என் பானையை எவனும் தொடக்கூடாது என்று.

நீ இருக்கும் விநாயகத்தின் பின்வீடு, மற்ற வீடுகளைப் போலக் கோவில் நிலத்தில் இல்லை. அவர் மாமனார் காசு கொடுத்து வாங்கிய துண்டு. விற்கத் தயார் என்று என்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். இன்னும் இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொள். வீடு நம்முடையதானதும் நான் வந்துவிடுவேன். அப்புறம் போ என்று நீ சொன்னாலும் போக மாட்டேன்.

என்னோடு அறையில் இருக்கும் கணேசமூர்த்தி, சம்பளத்தன்று கோழி வாங்கித் தின்கிறான். "அண்ணே, நாளைக்கு யாரு இருப்பா யாரு போவா, வாங்க ஒரு கை" என்று என்னையும் கூப்பிடுகிறான். அவனுக்குப் பெண்டாட்டி இல்லை. அதனால் அப்படிப் பேசுகிறான்.

இப்படிக்கு,
தம்பிராஜா


காஜா பேராங்
20-7-1943

அன்புள்ள மாமாவுக்கு, பாக்கியம். உங்கள் இருமல் நின்றதா? அதை முதலில் எழுதுங்கள்.

இங்கே ஒரு சேதி. தம்பின் பாதையில் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். வடக்கே எங்கேயோ கொண்டுபோகிறார்களாம். கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்கள் என்பதால் இதற்குமேல் எழுதவில்லை. ஸ்டேஷன் பக்கம் போனேன். கட்டைகள் மட்டும் கிடக்கின்றன. ஆடு மேய்கிறது. ரயில் ஓடிய காலத்தில் செலவைப் பார்த்து நீங்கள் வரவில்லை. இனி லாரிக்காரனுக்குக் கொடுத்துத் தம்பின் போய், அங்கிருந்து ரயில் ஏற வேண்டும். குத்திக்காட்டவில்லை மாமா. ஸ்டேஷனில் நின்றபோது மனசில் பட்டது, சொன்னேன்.

உங்களுக்குப் பச்சைப்பயறு கொஞ்சமும் உப்பில் போட்ட வாத்து முட்டையும் லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். முட்டை அன்னம் கொடுத்தது. அவளுடைய வாத்துகள் இப்போது என் அடுப்படிக்கே வந்து படுக்கின்றன. ஒன்றுக்கு உங்கள் பெயரை வைத்து அழைக்கிறேன், கோபிக்கக்கூடாது. யாரையாவது கூப்பிட வேண்டும் போல் இருக்கிறது.

முட்டையை நீங்கள்தான் தின்ன வேண்டும். ஊருக்கெல்லாம் பங்கு வைக்காதீர்கள்.

உங்கள்,
பாக்கியம்


ஷோனான்
16-8-1943

அன்புள்ள பாக்கியத்துக்கு, முட்டையும் பயறும் பத்திரமாக வந்தன. முட்டை மிக நன்றாக இருந்தது. இன்னும் அனுப்ப முடிந்தால் அனுப்பு.

தபாலாபீஸ் சேமிப்பில் பணம் போடும்படி வேலையிடத்தில் கூட்டம் வைத்துச் சொல்கிறார்கள். எல்லோரும் முணுமுணுக்கிறார்கள். எனக்குச் சொல்லவே வேண்டியதில்லை. வரிசையில் நான்தான் முதலில் நிற்கிறேன். புத்தகத்தில் முத்திரை விழும் சத்தம் கேட்டால் அன்றைக்குப் பசி தெரிவதில்லை.

செருப்பு இறுக்கமாகிவிட்டது. நின்றே வேலை செய்வதால் சாயங்காலத்தில் கால் கொஞ்சம் கனக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை.

வாத்துக்கு என் பெயரா? நல்லது. அதுவாவது வீட்டில் இருக்கட்டும்.

தம்பிராஜா


காஜா பேராங்
27-8-1944

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். தம்பினில் லாரி கிடைக்காமல் ஒரு இரவு ஸ்டேஷனில் இருக்க வேண்டியதாயிற்று. நெல்மூட்டைக்காரக் குடும்பம் ஒன்று கூட இருந்ததால் பயமில்லை. நான் சொல்லாமல் கொள்ளாமல் உங்களைப் பார்க்க அங்கே புறப்பட்டு வந்தது உங்களுக்கு இன்னும் ஆறவில்லை என்று தெரியும். ஆனாலும் மனசில் இருப்பதை இந்தக் கடிதத்தில் கொட்டிவிடுகிறேன். நேரில் முடியவில்லை.

உங்கள் அறைக்கு எதிரில் குழாயடியில் உட்கார்ந்திருந்தேன். சந்து முனையில் ஒருவர் காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தார். யாரோ கிழவர், பாவம் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்த பிறகுதான் முகம் தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் வார்த்தை நினைவிருக்கிறதா?

"டிக்கெட்டு எவ்வளவு ஆச்சு?"

இரண்டு வருஷத்துக்கு மேல் பார்க்காத பெண்டாட்டியிடம் கேட்டீர்கள். "மொதல்ல உக்காருங்க மாமா" என்றேன். அடுத்ததாக, "சரி, எந்தப் பணத்துல வந்தே?" என்றீர்கள்.

உட்காரவைத்து உங்கள் முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி மூடவில்லை. அப்போதுதான் கணேசமூர்த்தி வாயைத் திறந்தார்.

"அண்ணி, இவரு சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன். நீங்க அனுப்புற முட்டை ஒண்ணாச்சும் இவரு வாயில போனதில்ல. வந்த அன்னைக்கே கிடங்குல வித்துடுவாரு. பயறையும்தான். கேட்டா, வூட்டுக்கு ஒரு பலகை ஆச்சும்பாரு."

நீங்கள் சிரித்தீர்கள். சிரிப்பதற்கு அதில் என்ன இருந்தது மாமா? அந்த முட்டைகளை நான் தின்னாமல் உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் தின்னாமல் விற்றீர்கள். நடுவில் தின்றவன் எவனோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் உங்கள் காலைப் பார்த்த டிரெஸ்ஸர் சொன்னதை மறக்காதீர்கள். பயறு, தவிடு, கீரை, முட்டை. இதற்கு ஊசி கிடையாது, சாப்பாடுதான் மருந்து, விட்டால் வீக்கம் நெஞ்சுக்கு ஏறும் என்றார். நான் அழுதேன். நீங்கள் அவரிடம், இதெல்லாம் என்ன விலை விற்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

மூன்றாம் நாளை மட்டும் நான் மறக்க மாட்டேன். கையில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு நீங்கள் வேலையிலிருந்து வருமுன் சந்தைக்குப் போய்விட்டேன். கீரை, கருவாடு, நல்ல அரிசி, கொஞ்சம் தேங்காய். குழம்பு கொதிக்கும்போதே கணேசமூர்த்தி வாசலில் வந்து நின்றுவிட்டார். நீங்கள் சாப்பிட்டீர்கள். மறுபடி போட்டேன். மறுபடி சாப்பிட்டீர்கள். பிறகு சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனீர்கள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கல்யாணமான புதிதில் அப்படித்தான் தூங்குவீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் செலவழித்ததைக் கேட்டால் உங்களுக்குத் தலை சுற்றும். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. இன்னொரு முறை கிடைக்குமென்றால் அதையும் செய்வேன்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். விநாயகம் வீட்டை விற்கப் போவதில்லை. சித்திரை மாதமே சொல்லிவிட்டார். ஜப்பான்காரரின் வாழைமர நோட்டை வாங்கிக்கொண்டு மண்ணைக் கொடுக்க இந்த ஊரில் இப்போது யாரும் தயாராக இல்லையாம். "உங்க வீட்டுக்காரருக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை" என்று மலாயில் சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டார். அவர் மேல் தப்பில்லை. அன்னம் இரண்டு நாள் வேலிப் பக்கமே வரவில்லை. நான்தான் உங்களிடம் மறைத்தேன். அந்த நினைப்பில்தான் நீங்கள் எழுந்து நடமாடுகிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் காலைப் பார்த்த பிறகு மறைக்க மனசு வரவில்லை.

வீடு இல்லை மாமா. சேர்த்தது போதும். அதை எடுத்துச் சாப்பிடுங்கள். முடிந்தால் வேலையை விட்டு இங்கே வந்துவிடுங்கள். வாடகை அறையாக இருந்தாலும் இரண்டு பேர் இருந்தால் அது வீடுதான்.

உங்கள்,
பாக்கியம்


ஷோனான்
19-9-1944

பாக்கியத்துக்கு,

கடிதம் பார்த்தேன். வீட்டுக்குச் சேர்த்த பணத்தை எடுத்து ரயிலேறி வந்தாய். சந்தையில் ராணி மாதிரி வாங்கினாய். பணம் குறைந்துபோனதும் வீடே இல்லை என்று எழுதுகிறாய். விநாயகம் வாக்கு மாறுகிற ஆள் இல்லை. கையில் பணம் போதாமல் நீதான் அவரிடம் வேண்டாம் என்று சொல்லியிருப்பாய்.

வீடு இல்லை என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். வீடு இல்லை என்றால் நான் இத்தனை நாள் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன்? இந்தக் கால் எதற்கு இப்படி ஆயிற்று? அதற்குப் பதில் சொல்லிவிட்டு என்னைச் சாப்பிடச் சொல்.

இனி உனக்குச் செலவுக்கு வேண்டியது மட்டும் வரும். மிச்சத்தை இங்கேயே நான் போட்டு வைக்கிறேன்.

தம்பிராஜா


காஜா பேராங்
11-2-1945

அன்புள்ள மாமாவுக்கு,

இதற்கு முன் மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. கடிதம் சேரவில்லையா, கோபம் தீரவில்லையா, தெரியவில்லை. நீங்கள் படுத்திருக்கிறீர்களோ என்ற நினைப்பு வரும்போது எழுந்து போய் வாசலில் நிற்கிறேன்.

உங்களுக்குத் தெரியாமல் எதையும் செய்யக்கூடாது என்பதால் எழுதுகிறேன். நீங்கள் அனுப்பி நான் பெட்டியில் வைத்திருந்த நோட்டு முழுவதையும் செலவழித்துவிட்டேன். ஒரு மூட்டை அரிசி, பயறு, ஒரு தகரம் செம்பனை எண்ணெய். அவ்வளவுதான் வந்தது. வீடு வாங்கச் சேர்த்த பணத்துக்கு ஒரு கைவண்டிச் சாமான். தள்ளிக்கொண்டு வந்தவன், "இன்னைக்கு வாங்கிட்டீங்கம்மா, நாளைக்கின்னா இதுவும் கிடைக்காது" என்றான்.

பயறில் பாதியைத் தவிட்டோடு கலந்து வறுத்து அரைத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். மாவாக இருப்பதால் விற்க முடியாது. வெந்நீரில் கரைத்துக் குடியுங்கள்.

மீதியை அன்னம் வீட்டில் கொடுத்து, ஒரே அடுப்பில் சமைக்கிறோம். முதல் நாள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். விநாயகம் ஏதோ சொன்னார், நான் சிரித்துவிட்டேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. உடனே உங்கள் நினைப்பு வந்து தட்டைத் தள்ளி வைத்தேன். அன்னம் என் முதுகில் கையை வைத்தாள்.

என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

பாக்கியம்


சிங்கப்பூர்
22-10-1945

அன்புள்ள பாக்கியத்துக்குத் தம்பிராஜா எழுதுவது.

உயிரோடு இருக்கிறேன். வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டான். ஜப்பான் நோட்டு செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். தபாலாபீஸில் கேட்டேன். புத்தகத்தை வாங்கிப் பார்த்து, திருப்பி என் கையிலேயே கொடுத்தார்கள். வெளியில் சாக்கடையெல்லாம் நோட்டு. பிள்ளைகள் அதில் காற்றாடி செய்கிறார்கள். நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நேரம் என்று தெரியாது. கணேசமூர்த்தி தேடிக்கொண்டு வந்து அழைத்துப் போனான். அவன் இழந்தது ஒன்றுமில்லை.

நீ அனுப்பிய மாவைக் குடித்தேன். அதை விற்கவில்லை. நம்பு. வீக்கம் வற்றிவிட்டது, முழங்காலுக்குக் கீழே மரத்துப்போனது மட்டும் அப்படியே இருக்கிறது. முதலாளி முக்காலி போட்டு எண்ணிக்கை வேலை கொடுத்திருக்கிறார்.

நான் எழுதிக் கேட்டதற்கு விநாயகத்திடமிருந்து பதில் வந்த அன்றே நீ சொன்னது உண்மை என்று தெரிந்துவிட்டது. உனக்கு எழுதக் கை வரவில்லை.

சரி, போனது போகட்டும். புதுப் பணத்தில் முதல் சம்பளம் வாங்கிவிட்டேன். இது வெற்றுக் காகிதம் இல்லை, மெய்யான வெள்ளி டாலர். அதில் பத்து வெள்ளி மணியார்டர் செய்திருக்கிறேன். தொடாதே. மறுபடி ஆரம்பிப்போம். இப்போது என்ன விலை சொல்கிறார் என்று விநாயகத்தைக் கேட்டு எழுது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஐந்து வருஷத்தில் முடிந்துவிடும். அதுவரை லீவு எடுக்க முடியாது. உனக்குத் தெரியாததா?

உன்,
தம்பிராஜா


காஜா பேராங், மலாக்கா
2-12-1945

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மாரியம்மன் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்துதான் படித்தேன். மாவைக் குடித்தீர்கள் என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எனக்கு ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது. ஐப்பசியிலிருந்து போகிறேன். ஒரு அண்டாவுக்கு மூன்று பேர் நின்று கிண்டுவோம். புகையில் கண் எரியும், பேச்சு ஓயாது. சம்பளத்தில் அன்னத்துக்குச் சாப்பாட்டுக்குக் கொடுக்கிறேன், பால் வாங்குகிறேன், போன வாரம் கண்டாங்கிச் சேலை ஒன்று எடுத்தேன். மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. நிற்கவில்லையே என்று பதைப்பும் இல்லை.

விநாயகத்திடம் கேட்டேன். புதுப் பணமென்றால் விற்கத் தயார் என்றார். விலையும் சொன்னார். அந்த விலையை நான் உங்களுக்கு எழுதப் போவதில்லை.

எழுதினால் அதைச் சுவரில் எழுதிவைத்துக்கொண்டு அதன் கீழே இன்னும் ஐந்து வருஷம் அரை வயிற்றோடு படுப்பீர்கள். ஐந்து வருஷம் முடியும்போது உலகத்தில் வேறு ஏதாவது நடக்கும். உங்கள் அம்மாவின் பானையை வெளியில் வைத்தவன் செத்துப்போயிருப்பான் மாமா. இத்தனை காலமாக நம் இரண்டு பேரையும் வெளியில் வைத்திருப்பது அவன் இல்லை.

நான் கோபமாக இல்லை. உங்களுக்கு இது ஆசை மட்டும் இல்லை, மூச்சு மாதிரி என்று அந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டேன். நிறுத்துங்கள் என்று சொன்னால் நிறுத்தத் தெரியாது. அதனால் இனி சொல்ல மாட்டேன். வாருங்கள் என்றும் எழுத மாட்டேன். ஒவ்வொரு பண்டிகைக்கும் எழுதி, ஒவ்வொரு பண்டிகைக்கும் எதிர்பார்த்து, எனக்கு அலுத்துவிட்டது. முப்பத்து மூன்று வயதாகிறது. நேற்று வாரும்போது காதோரம் நரை கண்டேன். உங்களிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. பிறகு அன்னத்திடம் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே பிடுங்கிவிட்டாள்.

பத்து வெள்ளியை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உங்கள் பெயருக்கே மணியார்டர் செய்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பிட்டாலும் சரி, சேர்த்தாலும் சரி, உங்கள் இஷ்டம். என்னிடம் வைக்காதீர்கள். இனி எனக்குச் செலவுக்கும் அனுப்ப வேண்டாம். என் சம்பளம் எனக்குப் போதும்.

கடிதம் மட்டும் எழுதுங்கள். கால் எப்படி இருக்கிறது, என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். வீட்டைப் பற்றி எழுதினால் அந்தக் கடிதத்துக்கு என்னிடமிருந்து பதில் வராது.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இன்றைக்குப் பயற்றங்கஞ்சி, முறை என்னுடையது.

பாக்கியலட்சுமி